பக்கத்து வீட்டுக் கடனும் நம்ம வீட்டுத் திண்ணையும்

பக்கத்து வீட்டில் சண்டை என்றால் நம்மில் மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம், டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்கும். இரண்டாவது ரகம், 'நமக்கெதுக்குய்யா வம்பு?' என்று டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடும். மூன்றாவது ரகம்தான் டேஞ்சர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே உள்ளே போய், 'இங்க என்னடா தகராறு?' என்று அதட்டும். பத்தாவது நிமிஷம் புருஷனும் பெண்டாட்டியும் ராசியாகி, பஞ்சாயத்துக்குப் போனவரைச் சேர்ந்து வெளுத்து அனுப்புவார்கள்!

இலங்கை விஷயத்தில் இந்தியா இந்த மூன்று வேஷத்தையும் போட்டுப் பார்த்த நாடு. 1987-ல் போட்டது மூன்றாவது. வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் மற்ற இரண்டையும் மாறி மாறி. 2022-ல் இலங்கையே ஆட்டம் கண்டபோதுதான் நாலாவதாக ஒரு வேஷம் கிடைத்தது: 'உள்ளே போகாதே. ஆனா எல்லாருக்கும் முன்னாடி கை கொடு. மத்தவங்களையும் கொடுக்க வை.'

"இதெல்லாம் டெல்லியில கோட்டு போட்டவங்க பேசற சமாச்சாரம். திண்டுக்கல்காரனுக்கு என்னய்யா வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எனக்கு இரண்டு வேலை இருக்கிறது சார். ஒன்று வெங்காயம். இன்னொன்று தோட்டனூத்து. இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன். நான் பி.காம்.; எதையும் வரவு செலவாகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். அதனால் கொஞ்சம் கணக்கு வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக் கடுதாசி

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் வாங்கிய எங்கள் ஊரிலிருந்து சின்ன வெங்காயம் கப்பலேறி இலங்கைக்குப் போகும். அங்கே சாம்பாருக்கும் சம்பலுக்கும் அது இல்லாமல் ஆகாது. 2022 ஆரம்பத்தில் தெரிந்த வெங்காய வியாபாரி ஒருவரைப் பார்த்தேன். முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்ன அண்ணாச்சி, விலை எறங்கிடுச்சா?"

"வெலை கெடக்கட்டும் தம்பி. அந்தப் பக்கம் சரக்கு கேக்கறான். பணம் எங்கடான்னா, 'எங்க பேங்க்ல டாலரே இல்ல அண்ணாச்சி'ங்கறான். ரூபா இல்லேன்னு சொல்ற ஆளப் பாத்திருக்கேன். பேங்க்கே இல்லேன்னு சொல்லி இப்பத்தான் பாக்கறேன்."

அவர் ஜனவரியில் சொன்னதைத்தான் கொழும்பு ஏப்ரலில் சொன்னது. நம் பக்கம் தொழில் நொடித்தவரை 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாரு' என்போமே, 2022 ஏப்ரல் 12-ம் தேதி இலங்கை கொடுத்தது அதைத்தான். வெளிநாட்டுக் கடனுக்கு இப்போதைக்குத் தவணை கட்ட முடியாது என்று அறிவித்தது. சுதந்திர இலங்கையின் சரித்திரத்தில் முதல் தடவை. வெளிக்கடன் சுமார் 5,100 கோடி டாலர். எடுத்துச் செலவழிக்கிற நிலையில் கையிருப்பு? 5 கோடி டாலருக்கும் கீழே என்று மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி பார்லிமென்டிலேயே சொன்னார்.

இந்த நிலைமை ஒரு ராத்திரியில் வந்துவிடவில்லை. 2019-ல் ஈஸ்டர் குண்டு வெடிப்பில் டூரிஸம் அடி வாங்கியது. அதே வருஷக் கடைசியில் வரியைத் தாராளமாகக் குறைத்தார்கள். கொரோனா வந்தது. 2021-ல் ரசாயன உரத்துக்கு ஒரே அடியாகத் தடை போட்டதில் வயல் காய்ந்தது. டாலர் வரும் வழி எல்லாம் அடைபட்டு, போகும் வழி மட்டும் திறந்து கிடந்தது. நம்ம வீட்டு மாசக் கடைசி மாதிரி. ஆனால் அது மாசம் முழுக்க!

பெட்ரோலுக்கு க்யூ, கேஸுக்கு க்யூ, பால் பவுடருக்கு க்யூ. ஜனங்கள் கொதித்தார்கள். மே 9-ல் பிரதமர் மஹிந்த ராஜபக்ச ராஜினாமா. ஜூலை 9-ல் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே புகுந்து நீச்சல் குளத்தில் குதித்தார்கள். ஜூலை 13 விடியற்காலை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச விமானப் படை விமானத்தில் மாலத்தீவுக்குப் பறந்தார். மறுநாள் சிங்கப்பூர். ராஜினாமாக் கடிதம் ஈ-மெயிலில் வந்தது. (நாம் கேஷுவல் லீவுக்கு ஈ-மெயில் போட்டாலே மேனேஜர் முறைக்கிறார்!)

ஜூலை 20-ல் பார்லிமென்ட் ஓட்டுப் போட்டு ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதி ஆக்கியது. 134 ஓட்டு. அவர் கட்சிக்கு அந்தச் சபையில் எத்தனை சீட் தெரியுமா? ஒன்றே ஒன்று. அவர் மட்டும்தான்!

இப்படி ஒரு வீடு எரியும்போது பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்வது? அதுதான் டெல்லிக்கு வந்த பரீட்சை.

கையில் காசில்லை, கடையில் கணக்கு

டெல்லி முதலில் செய்த நல்ல காரியம், மஞ்சக் கடுதாசி வரும்வரை காத்திருக்கவில்லை. புகை வந்தபோதே வாளியைத் தூக்கிவிட்டது.

2022 ஜனவரியில் சார்க் நாடுகளுக்கான ஏற்பாட்டின்படி ரிசர்வ் வங்கி 40 கோடி டாலர் மாற்று வசதி கொடுத்தது. ஆசிய நாடுகள் தங்களுக்குள் வியாபாரப் பாக்கியைக் கழித்துக்கொள்ள ஒரு கிளியரிங் ஏற்பாடு உண்டு. அதில் இலங்கை நமக்குக் கட்ட வேண்டியதை, 'பரவால்ல, அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டது. பிப்ரவரி 2-ல் பெட்ரோல், டீசல் வாங்க 50 கோடி டாலர் கடன் ஒப்பந்தம். மார்ச் 17-ல் சாப்பாடு, மருந்து போன்ற அத்தியாவசியச் சாமான்களுக்கு ஸ்டேட் பாங்க் மூலம் 100 கோடி டாலர். அந்த வருஷத்தில் எல்லாம் சேர்த்து சுமார் 400 கோடி டாலர்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடன் ஒப்பந்தம் என்றால் கட்டுக் கட்டாகப் பணத்தைக் கையில் கொடுப்பதில்லை. தெருமுனை மளிகைக் கடையில், 'இவர் என்ன கேட்டாலும் குடுங்க, நான் பாத்துக்கறேன்' என்று சொல்லி வைக்கிற மாதிரி. இலங்கை சரக்கு வாங்கும். நம்ம ஊர் வியாபாரிக்கு இங்கேயே பணம் வந்துவிடும். அவர்களுக்குச் சோறு, நமக்கு வியாபாரம், கொடுத்தவருக்குப் பேர். ஒரே என்ட்ரியில் மூன்று காரியம்!

இதை முழுக்கத் தர்மம் என்றும் நினைக்க வேண்டாம். அதே ஜனவரி 6-ம் தேதிதான் திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது. வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு கிடந்த விஷயம் அது. அவசரத்துக்குக் கை கொடுத்தவன் கேட்டால் யாரும் முடியாது என்று சொல்வதில்லை.

இரண்டாவது, டெல்லி தான் மட்டும் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. ஏப்ரலில் வாஷிங்டன் போன நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 'இலங்கைக்குச் சீக்கிரம் உதவி செய்யுங்கள்' என்று ஐ.எம்.எஃப். தலைவரிடம் பேசினார். பக்கத்து நாடுகளும் சும்மா இருக்கவில்லை. பங்களாதேஷ் 2021-லேயே 20 கோடி டாலர் கைமாற்றுக் கொடுத்திருந்தது. (அது 2023-ல் திரும்பி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) மாலத்தீவின் முன்னாள் ஜனாதிபதி முகமது நஷீத், வெளிநாட்டு உதவிகளை ஒருங்கிணைக்கிற வேலையை ஏற்றுக்கொண்டார். ஊரில் ஒருவர் முன்வந்து ஆயிரம் ரூபாய் எழுதினால்தானே வசூல் நோட்டில் அடுத்தவர் நூறாவது எழுதுவார்?

மூன்றாவதுதான் முக்கியம். நாற்காலியில் யார் உட்காருவது என்ற விஷயத்தில் டெல்லி வெளிப்படையாகத் தலையிடவில்லை. 'இந்தியா பட்டாளத்தை அனுப்பப் போகிறது' என்று புரளி கிளம்பியபோது கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் மறுத்தது. 'கோட்டாபய ஓடிப்போக இந்தியாதான் உதவியது' என்றபோதும் ஆதாரமில்லாத பேச்சு என்றது. 'நாங்கள் இலங்கை மக்கள் பக்கம்' என்ற ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னது.

இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள இந்தியா கொடுத்த டியூஷன் ஃபீஸ் கொஞ்சநஞ்சமில்லை.

1987: அதே மாடல் விமானம்

இந்தத் தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம். 1987 ஜூன் 3-ல் ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உதவிச் சாமான்களோடு படகுகள் போயின. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்தியா ஐந்து ஆன்டனோவ்-32 விமானங்களில் சாமானை ஏற்றி, துணைக்கு மிராஜ் போர் விமானங்களையும் அனுப்பி, யாழ்ப்பாணத்தில் பாராசூட்டில் இறக்கியது. 'ஆபரேஷன் பூமாலை' என்று பேர். பூ என்னவோ இருந்தது. கூடவே நாரும் இருந்தது!

ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் கடற்படைச் சிப்பாய் ஒருவன் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் அடிக்க ஓங்கினான். அமைதி காக்கப் போன நம் படை சண்டையில் மாட்டிக்கொண்டது. 1990 மார்ச்சில் திரும்பி வரும்போது இழந்தது சுமார் 1,200 ஜவான்களை. அங்கே எத்தனை தமிழ்க் குடும்பம் சிதைந்தது என்பது தனிக் கணக்கு. சிங்களர்களும் திட்டினார்கள், தமிழர்களும் திட்டினார்கள். பஞ்சாயத்துக்குப் போனவரை இரண்டு பேரும் சேர்ந்து வெளுத்த கதை இதுதான்.

2022 ஜூலையில் கோட்டாபய ஏறிப் போன இலங்கை விமானமும் அதே ஆன்டனோவ்-32 மாடல்தான். 35 வருஷத்தில் அதே ஜாதி விமானம், எதிர்த் திசையில். இந்தத் தடவை இந்தியாவின் மிராஜ் எதுவும் பறக்கவில்லை. பறந்ததெல்லாம் காசோலையும் கடிதமும்தான்.

அரிசி மூட்டையில் ஓர் அரசியல் பாடம்

டெல்லி டாலரில் பேசியது. சென்னை அரிசியில் பேசியது.

2022 ஏப்ரல் 29-ல் தமிழ்நாடு சட்டசபையில் ஒரு தீர்மானம். இலங்கைக்கு 40 ஆயிரம் டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள் அனுப்ப மத்திய அரசு அனுமதி தர வேண்டும் என்று. மதிப்பு சுமார் 123 கோடி ரூபாய். வெளிநாட்டு விவகாரம் மாநிலத்தின் கையில் இல்லை. அதனால் அரிசி நம்முடையதாக இருந்தாலும் சாவி டெல்லியில்!

ஆரம்பத்தில் பேச்சு, 'அங்கே கஷ்டப்படுகிற தமிழர்களுக்கு அனுப்புவோம்' என்றுதான் இருந்தது. அங்கிருந்த தமிழர் தரப்பே, 'எங்களுக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள், எல்லாருக்கும் கொடுங்கள்' என்று சொன்னதை முதலமைச்சர் ஸ்டாலினே சபையில் குறிப்பிட்டார். யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குழந்தை பால் பவுடர் இல்லாமல் அழும்போது, நம்ம வீட்டுக்கு மட்டும் கப்பலில் வந்தால் மறுநாள் அதே தெருவில் எப்படி நடமாடுவது? நாற்பது வருஷம் அடிபட்ட ஜனங்கள் சொன்ன பாடம் அது. எந்த வெளியுறவுத் துறை அதிகாரியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

மே 18-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல். 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து. சில நாளில் கொழும்பு. ஜூனில் தூத்துக்குடியிலிருந்து அடுத்தது. 1987-ல் யாழ்ப்பாணத்தின் மேல் பாராசூட்டில் விழுந்த சாமான், 2022-ல் கொழும்புத் துறைமுகத்தில் ரசீது போட்டு இறங்கியது. வித்தியாசம் அந்த ரசீதில் இருக்கிறது.

யார் முதலில் கையெழுத்துப் போடுவது?

இனிமேல்தான் ஆட்டத்தின் சுவாரஸ்யமான பகுதி.

இலங்கைக்குப் பெரிய டாக்டர் ஐ.எம்.எஃப். ஆனால் அந்த டாக்டருக்கு ஒரு கண்டிஷன் உண்டு. 'நான் கொடுக்கிற பணம் பழைய கடன்காரனுக்கு வட்டியாகப் போகக் கூடாது. அதனால் பழைய கடன்காரர்கள் எல்லாம், நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம், தவணையை நீட்டுகிறோம் என்று எழுதிக் கொடுங்கள்.' அப்புறம்தான் ஊசி.

கடன்காரர்கள் கூட்டம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? 'அவன் விட்டுக் கொடுக்கட்டும், நான் கொடுக்கறேன்.' 'அவனா? மொதல்ல இவன் சொல்லட்டும்.' நாடுகளில் இலங்கைக்கு அதிகம் கடன் கொடுத்தது சீனா. அடுத்து ஜப்பான், இந்தியா. ஒருவர் விட்டுக்கொடுத்தால் அந்த மிச்சத்தில் இன்னொருவர் வசூல் பண்ணிவிடுவாரோ என்ற பயம் எல்லாருக்கும். மாசங்கள் ஓடின. அங்கே 2022 செப்டம்பரில் விலைவாசி வருஷத்துக்கு 70 சதவிகித வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

2023 ஜனவரி நடுவில் இந்தியா முந்திக்கொண்டது. முதல் ஆளாக ஐ.எம்.எஃப்.புக்கு உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டது. சில நாளில் கொழும்பு போன வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம் என்றார். பார்க்க ஒரு சாதாரண லெட்டர். ஆனால் அது போன பிறகு பந்து நேராகச் சீனாவின் கோர்ட்டில். சீன வங்கி முதலில் இரண்டு வருஷத் தவணை விடுப்பு என்றது. அது போதாது என்று பேச்சு நடந்து, மார்ச் ஆரம்பத்தில் வேறு கடிதம் வந்தது. மார்ச் 20-ல் ஐ.எம்.எஃப். சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஓ.கே. சொன்னது.

அதோடு விடவில்லை. அந்த ஏப்ரலில் ஜப்பான், பிரான்ஸோடு சேர்ந்து இந்தியாவும் கடன் கொடுத்த நாடுகளின் கமிட்டிக்குத் தலைமை ஏற்றது. சீனா அதில் சேராமல் தனியாகப் பேசிக்கொண்டது. 2024 ஜூன் 26-ல் கமிட்டியோடு 580 கோடி டாலர் கடனுக்குப் புது ஏற்பாடு கையெழுத்தானது.

1987-ல் ஒரு லட்சம் பூட்ஸ் கால்களால் முடியாத காரியத்தை ஒரு கடிதம் செய்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இன்னொரு விசித்திரமும் கேளுங்கள். 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து அங்கே ஆயுதம் தூக்கிய கட்சி ஜே.வி.பி. அந்தக் கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவை 2024 பிப்ரவரியிலேயே டெல்லி கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியது. அப்போது அவர் எதிர்க்கட்சி எம்.பி. செப்டம்பரில் அவர் ஜனாதிபதி ஆனார். டிசம்பரில் ஜனாதிபதியாக முதல் வெளிநாட்டுப் பயணம் எங்கே? டெல்லிக்குத்தான்.

அப்படியானால் எல்லாம் வெற்றியா? இல்லை. 2022 ஆகஸ்ட் 15-ல் இலங்கைக் கடற்படைக்கு இந்தியா ஒரு டோர்னியர் கண்காணிப்பு விமானம் கொடுத்தது. மறுநாள் 16-ம் தேதி, நாம் கவலை தெரிவித்தும், 'யுவான் வாங் 5' என்ற சீன ஆராய்ச்சிக் கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றது. 'இந்தாங்க பைனாகுலர்' என்று நாம் கொடுத்த கையோடு, அதில் பார்க்க ஒரு கப்பலையும் வரவழைத்துவிட்டார்கள்! அந்த அக்டோபரில் ஐ.நா. மனித உரிமை சபையில் இலங்கை மீதான தீர்மானத்தில் இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. 1987 ஒப்பந்தத்தால் வந்த மாகாண சபைகளுக்கு 2014-க்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் தேர்தலே இல்லாமல் கிடந்தது. அரிசிக்கும் டாலருக்கும் காட்டிய வேகத்தைத் தமிழர்களின் உரிமைக்கு டெல்லி காட்டியதா என்றால், என்னால் 'ஆமாம்' என்று எழுத முடியவில்லை.

விருப்பாச்சியில் எட்டு வருஷம்

ராஜதந்திரம் என்றதும் டெல்லி, கொழும்பு என்றே பேசுகிறோம். எங்கள் சீமைக்கு அதில் 250 வருஷ அனுபவம் உண்டு சார்!

1772-ல் காளையார்கோவில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியார் மகளோடு தப்பி வந்து தங்கியது எங்கே? நம்ம ஒட்டன்சத்திரம் பக்கத்து விருப்பாச்சியில், பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில். திண்டுக்கல் அப்போது ஹைதர் அலியின் கையில் இருந்தது. பிரதானி தாண்டவராய பிள்ளை அந்த வருஷம் டிசம்பரில் ஹைதருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது 5,000 குதிரைப் படை, 5,000 காலாட்படை. கேட்டவுடனே கிடைத்துவிடவில்லை. கடிதம், தூது, சந்திப்பு, காத்திருப்பு என்று எட்டு வருஷம். 1780-ல் ராணி சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார்.

அந்த எட்டு வருஷத்தில் எங்கள் ஜனங்கள் ராணியிடம், 'எப்பம்மா கிளம்பறீங்க?' என்று கேட்டதாக எந்தக் கதையும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராணிக்கு எட்டு வருஷத்தில் ஒரு முடிவு கிடைத்தது. நான் சொல்ல வந்த அடுத்த ஜனங்களுக்கு நாற்பது வருஷமாகியும் கிடைக்கவில்லை.

தோட்டனூத்து

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் தோட்டனூத்து. 2022 செப்டம்பரில் இங்கே இலங்கைத் தமிழர்களுக்கு 321 புது வீடுகளை முதலமைச்சர் திறந்துவைத்தார். தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம் குடும்பங்களுக்காகக் கட்டியவை. தமிழ்நாடு முழுக்க 7,469 வீடுகள் கட்டுவதாக 2021-ல் அறிவித்த திட்டத்தின் ஒரு பகுதி. 'அகதிகள் முகாம்' என்ற பேரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. கண்ணைக் குத்தும் தகரக் கூரையிலிருந்து நல்ல வீடு. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

போன மாசம் அங்கே போயிருந்தேன். 1990-ல் மன்னாரிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் வழியாக இங்கே வந்த குடும்பம். பையன் பிறந்தது திண்டுக்கல் ஆஸ்பத்திரியில். பேச்சு சுத்த திண்டுக்கல். என்னைப் போலவே பி.காம். செய்வது பெயின்டிங் வேலை.

"ஏன் தம்பி, வேற வேலைக்குப் போகலையா?"

"அப்ளிகேஷன் போடறப்ப 'நேஷனாலிட்டி'னு ஒரு கட்டம் வரும்ணே. அங்கேயே பேனா நின்னுடும். துபாய்ல ஒரு வேலை வந்துச்சு. பாஸ்போர்ட் கேட்டாங்க. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுண்ணே நான் கேக்கறது?"

அவன் அம்மாவிடம் மட்டும் அந்த ஊர்த் தமிழ் அப்படியே இருக்கிறது. "இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். 2022-ல் சொந்தக்காரர்கள் போன் பண்ணி அழுததைச் சொன்னார். "இங்கேயிருந்து அரிசி அனுப்பினவை எண்டு சொன்னவை. நல்ல காரியம். அங்க இருக்கிற சனத்துக்கு ஒரு வழி பண்ணிப் போட்டியள். எங்களுக்கு எப்ப?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். இந்தியாவில் பிறந்தாலே குடியுரிமை என்ற விதி 1987 ஜூலை 1-ம் தேதியோடு மாறிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தால் அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். கொழும்பில் ஒப்பந்தம் போட்ட அதே ஜூலை! ஒரே மாசத்தில் இரண்டு காகிதம். ஒன்று இவர்கள் ஊரில் அமைதி வரும் என்றது, வரவில்லை. இன்னொன்று இவர்கள் பிள்ளைகளுக்கு இந்த ஊர் கிடையாது என்றது, அது மட்டும் அமலானது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், ஒரு வருஷ வித்தியாசத்தில், கோர்ட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி 2024-ல் ஓட்டும் போட்டார். இந்தத் தம்பி பிறந்தது அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் உண்டு. இலங்கை இல்லை.

கதவு இறுக மூடியே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. நல்ல உத்தரவு. 'உன்னை ஜெயிலில் போட மாட்டேன்' என்று சொல்லியாகிவிட்டது. 'நீ யார்' என்பதுதான் பாக்கி.

தமிழ்நாட்டு முகாம்களில் மட்டும் சுமார் 58 ஆயிரம் பேர். திரும்பிப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு மானமாகப் போக வழி வேண்டும். அதற்குக் கொழும்போடு பேச வேண்டும். இங்கேயே இருக்க விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை வேண்டும். அதற்குக் கொழும்போடுகூடப் பேச வேண்டாம், டெல்லி தனக்குத்தானே பேசிக்கொண்டால் போதும். சீனாவையும் ஜப்பானையும் அசைத்துப் பார்த்த அதே பேனாதான் வேண்டும். புதுப் பேனா தேவையில்லை.

அக்கவுண்ட்ஸில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். வருஷக் கணக்கை முடிப்பதற்குள் அதைச் சரியான தலைப்புக்கு மாற்றியாக வேண்டும். மாற்றவில்லை என்றால் ஆடிட்டர் விட மாட்டார்.

58 ஆயிரம் மனுஷர்களை நாற்பது வருஷமாகச் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக் கடனை அழகாகத் தீர்த்துவைத்தோம். பாராட்டு. நம்ம வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எந்தத் தலைப்பு என்று யாராவது எழுதுங்கய்யா, கணக்கை முடிப்போம்.